ஒலிவர் கானை எங்கள் மலை ஏற்றுக்கொண்ட விதம்

ஜேர்மன் உதைபந்தாட்டக் கோல்காப்பாளர் ஒலிவர் கான் விளையாட வந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வாழைப்பழங்கள் வந்து விழும். 1990களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் மைதானங்கள் பலவற்றில் இது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. எதிரணி ரசிகர்கள் அவரைப் பார்த்துக் குரங்கைப் போலக் கத்துவார்கள், பழத்தை எறிவார்கள். அவரும் அதைப் பொருட்படுத்தாமல் தன் கோலுக்குள் நின்றுகொண்டிருப்பார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபிரைபேர்க் நகரில் நடந்த ஆட்டத்தில் யாரோ ஒருவர் பழத்தோடு நிற்காமல் கொல்ஃப் பந்தை எறிந்துவிட, அது தலையில் பட்டு இரத்தம் வழிந்தது. தன் நாட்டு ரசிகர்களில் பெரும்பகுதியினர் இப்படி வெறுத்த ஒரு மனிதரை, அந்த நாட்டின் வரைபடத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் என் வயதுப் பையன்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அது எப்படி நடந்தது என்பதை எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்து வந்தது.

உதைபந்தாட்டத்தில் புகழ் பொதுவாகக் கோல் அடிப்பவர்களுக்கு உரியது. கோல்காப்பாளருக்குப் பெயர் வருவதென்றால் அவர் கிண்ணங்களை வென்றிருக்க வேண்டும், அல்லது ஏதேனும் வேடிக்கை காட்டியிருக்க வேண்டும். கானிடம் கிண்ணங்கள் நிறையவே இருந்தன: பயேர்ன் மியூனிக் அணியோடு எட்டு லீக் பட்டங்கள், ஆறு ஜேர்மன் கிண்ணங்கள், ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் ஒரு யூஃபா கிண்ணம், ஒரு சம்பியன்ஸ் லீக். ஆனால் அவற்றால் வந்த பெயரைவிட, அவர் தோற்ற ஆட்டங்களால் வந்த பெயர்தான் பெரிது என்பது என் கணிப்பு. குறிப்பாக ஆசியாவில், அதிலும் எங்களைப் போன்றவர்களிடம், அவர் தோற்ற பிறகுதான் வந்து சேர்ந்தார்.

அவர் பிறந்தது 1969 ஜூன் 15 அன்று, கார்ல்ஸ்ருஹே நகரில். தந்தை ரோல்ஃப் கானும் அதே ஊர் அணிக்கு விளையாடியவர். பையன் சிறுவயதிலேயே அந்த அணியின் இளையோர் பிரிவில் சேர்ந்து, 1987 நவம்பரில் கொலோன் அணிக்கு எதிராக முதன்முதலாக லீக் ஆட்டத்தில் இறக்கப்பட்டபோது வாங்கிய கோல்கள் நான்கு. தன் அணி அடித்தது ஒன்றுமில்லை. அதன் பின்னர் நிரந்தர இடம் கிடைக்க அவர் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993 நவம்பரில் யூஃபா கிண்ணப் போட்டியில், இரண்டு ஆட்டங்களில் முதலாவதை 3-1 எனத் தோற்றிருந்த கார்ல்ஸ்ருஹே சொந்த மைதானத்தில் ஸ்பெயினின் வலன்சியாவை 7-0 என்று துவைத்தெடுத்த இரவில்தான் ஐரோப்பா அவரைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே பயேர்ன் மியூனிக் அவரை வாங்கிக்கொண்டது. அங்கே போய்ச் சில மாதங்களிலேயே முழங்கால் தசைநார் அறுந்து ஏறக்குறைய அரை ஆண்டு படுத்துவிட்டார்.

தேசிய அணியில் நிலைமை இன்னும் மெதுவானது. 1994 உலகக் கிண்ணத்தில் அவர் அணியில் இருந்தார், ஆடவில்லை. 1996இல் ஜேர்மனி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோதும் இருந்தார், ஆடவில்லை. 1998இலும் அதே கதைதான். முதல் கோல்காப்பாளராக இருந்த அன்ட்ரேயாஸ் கொப்கே விலகிய பிறகு முதலிடம் கைக்கு வந்தபோது கானுக்கு 29 வயது. உலகக் கிண்ணத்தில் முதன்முதலாகக் கால் பதித்தபோது 33 வயதாக இரண்டு வாரம் இருந்தது. இளம் மேதை என்று எவரும் அவரைச் சொன்னதில்லை. அவரைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் பயிற்சி வெறி, கோபம், பிடிவாதம் ஆகியவைதான். 1999 ஏப்ரலில் டோர்ட்முன்ட் அணியுடனான ஓர் ஆட்டத்தில் அவர் ஸ்டெஃபான் ஷப்புயிசாவை நோக்கிக் காலை நீட்டிக்கொண்டு பறந்ததையும், ஹைக்கோ ஹெர்லிக்கின் கழுத்தருகே வாயைக் கொண்டுபோனதையும் இன்றும் இணையத்தில் தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவை அழகான காட்சிகள் அல்ல. அவருடைய ரசிகன் என்பதற்காக அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

அதே ஆண்டு மே 26ஆம் திகதி பார்சிலோனாவில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடந்தது. ஆறாவது நிமிடத்தில் மரியோ பாஸ்லர் அடித்த கோலுடன் பயேர்ன் தொண்ணூறு நிமிடமும் முன்னிலையில் இருந்தது. இடையில் இரண்டு பந்துகள் மன்செஸ்டர் யுனைடெட்டின் கம்பத்தில் பட்டுத் திரும்பின. மேலதிக நேரத்தில் கிடைத்த கோர்னர் உதைக்கு மன்செஸ்டரின் கோல்காப்பாளர் பீற்றர் ஷ்மைக்கலே தன் கோலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார். அந்தக் குழப்பத்தில் ஷெரிங்ஹாம் சமன் செய்தார். அடுத்த கோர்னரில் சொல்ஷயார் முடித்து வைத்தார். கான் அந்த இரண்டிலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் கோல்காப்பாளரின் கணக்கில் அப்படி ஒரு பத்தி கிடையாது.

2001 மே மாதம்தான் அவருடைய உச்சம். 19ஆம் திகதி ஹம்பேர்க்கில் தொண்ணூறாவது நிமிடத்தில் கோல் வாங்கிய பயேர்ன் லீக் பட்டத்தை இழந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தன் ஆட்டத்தை முடித்துக்கொண்ட ஷால்க்க அணி அங்கே கொண்டாடத் தொடங்கியிருந்தது. இங்கே கான், கோலுக்குள் விழுந்து கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு, தலையில் கை வைத்து நின்ற தன் ஆட்களைப் பிடித்துத் தள்ளி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். மேலதிக நேரத்தின் நான்காவது நிமிடத்தில் பற்றிக் அண்டர்சன் அடித்த உதை, சுவர் போல நின்ற கூட்டத்தின் இடுக்கில் புகுந்து கோலானது, பட்டம் பயேர்னுக்கு. நான்கு நாள் கழித்து மிலான் நகரில் மறுபடியும் வலன்சியா, சம்பியன்ஸ் லீக் இறுதி. 1-1 என்று முடிந்து பெனால்ட்டிக்குப் போன அந்த ஆட்டத்தில் கான் ஸாஹோவிச், கார்போனி, பெலெகிரினோ ஆகிய மூவரின் உதைகளையும் தடுத்தார். கார்போனியின் உதைதான் எனக்குப் பிடித்தது. கான் வலப்பக்கம் சரிந்துவிட்டார், பந்து அவருக்கு மேலே நடுவாக வருகிறது. விழுந்துகொண்டே கையை மேலே தூக்கி அதைக் குறுக்குக் கம்பத்தில் தட்டிவிடுகிறார். வென்றவுடன் தன் அணியோடு போய்க் குதிக்காமல், தரையில் அழுதுகொண்டிருந்த வலன்சியாவின் கோல்காப்பாளர் கனிஸாரஸிடம் போய்த் தூக்கி நிறுத்தினார். வாழைப்பழம் எறிந்தவர்களில் சிலர் அன்றைக்குத்தான் மனம் மாறினார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் நாங்கள் அப்போது பார்க்கவில்லை. நள்ளிரவு தாண்டி நடந்த ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்க்கும் வசதி எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அன்று எவருக்கும் இருக்கவில்லை. பெயரும் படமும் மட்டும், நகரத்துக் கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் தாளின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து வந்து சேரும்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு மலைத்தோளை வெட்டிச் சமப்படுத்திய இடம். சமப்படுத்தியது என்பது தோட்டக் கணக்கில் மட்டும்தான். காலை வைத்தால் ஒரு மூலை மறு மூலையைவிட ஓர் ஆள் உயரம் தாழ்ந்திருப்பது தெரியும். ஒரு கோலுக்குப் பின்னால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடமான பிரட்டுக்களத்துக்குப் போகும் பாதை. மற்றதற்குப் பின்னால் செங்குத்தாக இறங்கும் தேயிலை. அந்தக் கோலில் பந்து தவறினால் அது செடிகளின் மேல் குதித்துக் குதித்துப் பத்துப் பன்னிரண்டு நிரைக்குக் கீழே போய் நிற்கும். அதை எடுத்து வரும் பொறுப்பு கோல்கீப்பருடையது. கவாத்து வெட்டிய மலையென்றால் கிளை முழங்காலைக் கிழிக்கும். மழைக்காலமென்றால் மேலே ஏறி வரும்போது விரலிடுக்கில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும். டர்பன்டைன் மரக் கம்புகளை நட்டு உண்டாக்கிய கோலில் வலை கிடையாது, ஆகவே உள்ளே போன ஒவ்வொரு பந்தும் கீழேதான். எங்கள் கோல்கீப்பர்கள் பந்தைத் தடுப்பதில் காட்டிய ஆர்வத்துக்கு வெற்றி ஆசை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய்.

இந்த நிலையில் அந்த இடத்தை யார் விரும்பி எடுப்பார்கள்? ஆள் பிரிக்கும்போது ஓட்டக்காரர்கள் முதலில் போவார்கள், உயரமானவர்கள் அடுத்து. கடைசியில் மிஞ்சுகிறவன் கோலுக்கு. நானும் அப்படி மிஞ்சியவன்தான். அந்த வேலைக்கும் ஒரு வித்தை உண்டு என்று எனக்குக் காட்டியவர், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் தட்டில் வேலை செய்த ஓர் அண்ணன். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனின் அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். நுவரெலியா பேல் பசாரில் வாங்கிய ஒரு சோடிக் கம்பளிக் கையுறைதான் அவருடைய ஆயுதம். அது தண்ணீரைக் குடித்தால் கனத்துப் போகும். பிழிந்து பிழிந்து போட்டுக்கொள்வார். தீபாவளிக் காலத்தில் தோட்டங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில் லொறியில் ஏறிப் போய் விளையாடிவிட்டுத் திரும்பும்போது, வென்றால் கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள், தோற்றால் அண்ணனைத் திட்டுவார்கள். அவர் இரண்டுக்கும் ஒரே முகத்தோடு லொறியின் பின்பலகையில் உட்கார்ந்து வருவார்.

2002 உலகக் கிண்ணம் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்ததால் முதன்முறையாக ஆட்டங்கள் எங்கள் பகல் பொழுதுக்குள் வந்தன. மதியத்தில் ஒன்று, வேலை விட்டு வந்தபின் மாலையில் ஒன்று. அவ்வாண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்ததால், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே டவுனுக்குப் போய் வந்த எங்கள் இளைஞர்களுக்கு மூச்சு விட ஓர் இடைவெளி கிடைத்திருந்த காலமும் அது. லயத்தில் ஒரு வீட்டில் கலர் தொலைக்காட்சி இருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படங்குச் சாக்கைத் தலையில் போட்டு மழையில் நின்று பார்ப்பார்கள். எல்லோரும் பிரேசில் பக்கம். அதற்கு யாரும் காரணம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அண்ணனும் நானும் மட்டும் ஜேர்மனியின் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஜேர்மன் அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. முந்திய ஆண்டு செப்டெம்பரில் மியூனிக்கிலேயே இங்கிலாந்திடம் 5-1 என்று தோற்று, உக்ரைனுடன் மேலதிகத் தகுதிப் போட்டி ஆடித்தான் உள்ளே வந்தார்கள். அந்த ஐந்து கோல்களையும் வாங்கியவர் கான்தான். ஆனால் ஜூன் மாதம் அவர் வேறு ஆளாக வந்தார். சவூதி அரேபியாவுடன் 8-0. அயர்லாந்துடன் 1-1, அதில் ரொபி கீன் மேலதிக நேரத்தில் அடித்த கோல்தான் இறுதிப் போட்டிக்கு முன் அவரைத் தாண்டிப் போன ஒரே பந்து. கமரூனுடன் 2-0. பிறகு தொடர்ந்து மூன்று 1-0: அவருடைய 33ஆவது பிறந்தநாளன்று பராகுவேயுடன், காலிறுதியில் அமெரிக்காவுடன், அரையிறுதியில் சோல் நகரில் சொந்த மண்ணின் ஆரவாரத்தோடு வந்த கொரியாவுடன். மூன்றிலும் ஜேர்மனி அடித்தது ஒவ்வொரு கோல்தான். அதைக் கடைசிவரை காத்து நின்றவர் அவர். அமெரிக்காவுடனான ஆட்டத்தில் லான்டன் டொனவனை அவர் தடுத்ததைப் பார்த்த பிறகு, எங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிரேசில்காரர்களில் ஒருவர் "இந்தாளு ஒருத்தனே ஒரு டீமுடா" என்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு யோக்கஹாமாவில் பிரேசிலுடன் இறுதிப் போட்டி. வேலைக்காக மலைக்கு இறங்க வேண்டியதில்லை என்பதால் தோட்டமே கூடியிருந்தது. முதல் பாதியில் ரொனால்டோவின் உதைகளைக் கான் தடுத்தார். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் அவருடைய வலது கை மோதிர விரலின் தசைநார் கிழிந்தது. அது எங்களுக்குப் பின்னர்தான் தெரியும். 67ஆவது நிமிடத்தில் ரொனால்டோ, ஜேர்மனியின் ஹமானிடமிருந்து பந்தைப் பறித்து ரிவால்டோவிடம் கொடுத்தார். ரிவால்டோ தூரத்திலிருந்து தரையோடு ஓங்கி அடித்தார். நேராகக் கானிடம்தான் வந்தது. அவர் முழங்காலில் இறங்கி மார்போடு அணைக்கப் போனார். பந்து நெஞ்சில் பட்டுக் கைகளுக்குள் நிற்காமல் முன்னே துள்ளியது. ஓடி வந்துகொண்டிருந்த ரொனால்டோ தட்டிவிட்டார். பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. லயமே அதிர்ந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே அண்ணன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஈரப் பந்து தம்பி. ஈரத்துல நெஞ்சுக்கு வர்ற பந்தக் கட்டிப் புடிக்கக் கூடாது, பக்கவாட்டுல தட்டி விட்டுரணும். ஆனா அவருக்கு அந்த நேரத்துல புடிச்சாத்தான் ஆட்டம் கையில இருக்கும்னு தோணியிருக்கும்."

இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த விமர்சகரிடமும் பின்னர் கேட்டதில்லை. கோல்காப்பாளர் பந்தைத் தட்டிவிடுவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தட்டினால் ஆபத்து தள்ளிப் போகிறது, ஆனால் பந்து எதிரணியிடமே இருக்கலாம்; பிடித்தால் ஆட்டம் நின்று, தன் ஆட்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. கையுறையின் உள்ளங்கையில் உள்ள ரப்பர் நுரை இலேசாக நனைந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், நீர் ஊறிவிட்டால் வழுக்கும். அன்று யோக்கஹாமாவில் புல் நனைந்திருந்தது. தரையில் பட்டு வரும் ஈரப் பந்து வேகம் குறையாமல் சறுக்கி வரும், எதிர்பார்த்ததைவிட ஒரு கணம் முன்னதாக வந்து சேரும். இதெல்லாம் கானுக்குத் தெரியாததல்ல. அந்தத் தொடர் முழுவதும் அவர் பிடித்துப் பிடித்தே தன் பின்னணிக் காவலர்களுக்குத் தைரியம் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கமே அந்த ஒரு பந்தில் அவரைக் கைவிட்டது. ஏழு ஆட்டங்களில் தான் செய்த ஒரே தவறு அது என்றும், அதற்குக் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டதாகவும் அவர் சொன்னார். விரலைச் சாக்காகச் சொல்ல மறுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் தன் கோல் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது தடவையாக உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசிலின் படங்களோடு அந்தப் படமும் உலகமெங்கும் போனது. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதும் அவருக்கே கிடைத்தது. உலகக் கிண்ணத்தில் அதைப் பெற்ற கோல்காப்பாளர் இன்றுவரை அவர் ஒருவர்தான். எட்டுக் கோல் அடித்த ரொனால்டோ இரண்டாமிடத்தில் நின்றார். வாக்களித்தவர்கள் நியாயம் செய்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்த விருது ரொனால்டோவுக்குப் போயிருக்க வேண்டியது. அவருடைய ரசிகனாக இருந்துகொண்டே இதைச் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை, ஏனெனில் எங்கள் மைதானத்தில் அவரை உயர்த்தியது விருது அல்ல. மறு வாரம் ஆள் பிரிக்கும்போது இரண்டு பையன்கள் கோலுக்கு நிற்கத் தாங்களாகவே முன்வந்து, யார் நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. கிண்ணத்தைத் தூக்கிய கான் அதைச் செய்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கானைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். ஒரு தோல்விக்குக் கோல்கீப்பரே முழு முகம் கொடுக்க முடியும், அப்படிக் கொடுப்பவனை உலகமே நின்று பார்க்கும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாத செய்தி. லொறியின் பின்பலகையில் உட்கார்ந்து வருகிறவரை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை.

அதன் பிறகு அவருக்கு இறங்குமுகம் தொடங்கியது. 2004 பெப்ரவரியில் ரியல் மட்ரிட்டின் ரொபேர்ட்டோ கார்லோஸ் அடித்த சாதாரணமான ஃபிரீ கிக் அவருடைய உடலுக்கு அடியால் நுழைந்து போனது. குடும்ப வாழ்க்கையைப் பற்றிய செய்திகள் நாளேடுகளின் முன்பக்கத்துக்கு வந்தன. 2006 உலகக் கிண்ணம் சொந்த நாட்டில் நடக்கவிருந்த வேளையில், ஏப்ரல் மாதம், பயிற்றுநர் கிளின்ஸ்மன் முதலிடத்தை யேன்ஸ் லேமனுக்குக் கொடுத்தார். கானும் லேமனும் ஒருவரையொருவர் சகிக்காதவர்கள் என்பது ஊரறிந்த விடயம். கான் விலகிவிடுவார் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு மாற்று வீரர்களின் வாங்கில் உட்கார்ந்தார்.

ஜூன் 30, 2006. யோக்கஹாமாவுக்குச் சரியாக நான்கு ஆண்டுகள். பேர்லினில் ஆர்ஜென்டினாவுடனான காலிறுதி பெனால்ட்டிக்குப் போனது. லேமன் தரையில் உட்கார்ந்திருந்தார். கான் அவரிடம் போய்க் குனிந்து, கையைப் பற்றி, காதருகே ஏதோ சொன்னார். பின்னர் லேமன் காலுறைக்குள்ளிருந்து துண்டுத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்து இரண்டு உதைகளைத் தடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாள் பின்னாளில் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. ஜேர்மானியர்களில் கானை வெறுத்தவர்கள்கூட அந்தக் கைகுலுக்கலுக்குப் பின் வெறுப்பைக் கைவிட்டார்கள். 2001இல் பெனால்ட்டியில் மூன்றைத் தடுத்த மனிதர், தனக்குப் பிடிக்காதவர் தன் இடத்தில் நின்று அதே வேலையைச் செய்யப் போகிறபோது எழுந்து போய் வாழ்த்தினார். எட்டு நாள் கழித்து ஸ்டுட்கார்ட்டில் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் போர்த்துக்கலுக்கு எதிராக அவரே தலைவராக இறங்கினார். 3-1 என்று வென்றதும் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 86 ஆட்டங்கள்.

லீக்கில் 557 ஆட்டங்கள் ஆடி, 2008 மே 17 அன்று அதையும் முடித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து பயேர்ன் மியூனிக் அவருடைய விடைபெறும் பயணமாகக் கொல்கத்தாவுக்கு வந்தது. மோகன் பகான் அணியுடன் சோல்ட் லேக் மைதானத்தில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். அதைப் பார்க்க வந்தவர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். இரண்டாம் பாதியில் அவர் ரென்சிங்கிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறியபோது அந்தக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. செப்டெம்பரில் மியூனிக்கில் முறையான பிரியாவிடை ஆட்டமும் நடந்தது. ஆனால் என்னைப் பொறுத்தவரை கொல்கத்தாதான் கணக்கு. வங்காளமும் எங்களைப் போலப் பிரேசில், ஆர்ஜென்டினா என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஊர். அங்கே ஒரு ஜேர்மன் கோல்காப்பாளருக்கு இலட்சம் பேர் கூடியது பட்டங்களுக்காக என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு மாலையில் அந்தக் கம்பத்தில் சாய்ந்திருந்தவரை நேரில் பார்க்க வந்தவர்கள்தான் அவர்களில் கணிசமானோர் என்று நினைக்கிறேன். கடல் தாண்டிப் போகப் பணமிருந்தால் எங்கள் லயத்திலிருந்தும் இரண்டு பேர் போயிருப்போம்.

ஓய்வுக்குப் பின் பல ஆண்டுகள் ஜேர்மன் தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசினார். 2021 ஜூலையில் பயேர்ன் கழகத்தின் தலைமை நிர்வாகியானார். நாற்காலி அவருக்கு ஒத்துவரவில்லை. 2023 மே 27 அன்று, கடைசி நாளில் கடைசி நிமிடக் கோலால் பயேர்ன் பட்டம் வென்ற அதே பொழுதில், அவர் பதவி நீக்கப்பட்டார் என்ற அறிவிப்பு வந்தது. கொல்கத்தா ஆட்டத்துக்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகள். நிர்வாகியாக அவர் தோற்றார் என்று சொல்பவர்களின் வாதங்களில் சில சரியானவையே. ஆயினும் தன் விளையாட்டு வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்தக் கழகத்துக்குக் கொடுத்தவரைப் பட்டம் வென்ற அன்றே அனுப்பி வைத்தது பண்பான செயலல்ல.

இப்போது நான் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். மாலையில் பையன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். கோல்காப்பாளர் இடத்துக்கு ஆள் தேடும் நிலை இன்று இல்லை. எங்கள் அணியின் கோலுக்குள் நிற்கும் பத்தாம் வகுப்புப் பையன் கையுறையை இணையத்தில் பார்த்துத் தெரிவுசெய்து வாங்குகிறான், பந்தைக் காலால் நாற்பது யார் தூரம் அளந்து அனுப்புகிறான். கானைப் பற்றி நான் பேசினால் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சேர், அவருக்குக் கால் வராதே" என்கிறான். அவன் சொல்வது உண்மை. பின்னணிக் காவலர்களுக்கும் கோலுக்கும் இடையில் உள்ள வெளியை, கானுக்குப் பிறகு வந்த ஜேர்மன் கோல்காப்பாளர் மனுவெல் நொயர் தனதாக்கிக்கொண்ட பிறகு கோல்காப்பாளரின் வேலையே மாறிவிட்டது. கோட்டுக்குள் நின்று கைகளால் மட்டும் காக்கும் ஒருவருக்கு இன்றைய பெரிய அணிகளில் இடம் கிடைப்பது கடினம். கானை இன்று இருபது வயதில் கொண்டுவந்து நிறுத்தினால் பயேர்ன் மியூனிக்கே எடுக்காது.

இதை ஒப்புக்கொண்ட பிறகும் எங்களுக்குள் ஒரு வழக்கு முடியவில்லை. 2001 மிலான் பெனால்ட்டிகளை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கார்போனியின் உதையை மூன்று முறை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தான். "கை நல்லாத்தான் வருது சேர்" என்று அவ்வளவு மட்டும் விட்டுக்கொடுத்தான். பிறகு 2022 உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் ஆர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டி, பிரான்ஸின் கோலோ முவானியின் உதையைத் தடுத்ததை எனக்குப் போட்டுக் காட்டினான். அது மிகப் பெரிய தடுப்பு, மறுக்க முடியாது. இருந்தாலும், உயிர் போகிற ஓர் ஆட்டம் பெனால்ட்டிக்குப் போனால் யாரை நிறுத்துவாய் என்று கேட்டால் அவன் மார்ட்டினெஸ் என்கிறான், நான் கான் என்கிறேன். ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அண்ணனிடம் தீர்ப்புக் கேட்டோம். எந்த மைதானம், மழையா வெயிலா என்று முதலில் சொல்லச் சொல்கிறார்.